எதிர்வெயிலில் சிறகுகள்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: தோட்டத்துக் குருவிகளை வெயிலுக்கு எதிரே எடுத்தால் கன்னங்கரேலென்று விழுகின்றன. விலை கூடிய கேமரா வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பின்னால் இருக்கும் வானத்தைப் பார்த்துத்தான் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கிறது. விலை கூடிய கேமராவும் பெரும்பாலும் அதையேதான் செய்யும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 அல்லது +2க்கு ஏற்றுங்கள். வானம் வெளுக்கும், வெளுக்கட்டும். குருவியின் கண் தெரிய வேண்டும்.

கேள்வி: என் எஃப் 5.6 லென்ஸுக்கு உருவத்தை 2 மடங்கு பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டர் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டுவது) வாங்கலாமா?

பதில்: கூடாது. உள்ளே வரும் வெளிச்சம் குறைந்து எஃப் 11 ஆகிவிடும், பல கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். மலிவாகக் கிடைத்ததென்று நான் வாங்கிய ஒன்று, வெயில் ஊடுருவும் வண்ணத்துப்பூச்சி இறக்கையின் விளிம்பெல்லாம் ஊதாக் கோடு போட்டது.

கேள்வி: லென்ஸ் வாங்கியபோது, யூவி (புற ஊதா) ஃபில்டர் இல்லாவிட்டால் லென்ஸ் பாழாகிவிடும் என்று சொல்லி ஒன்றை விற்றார்கள். எதிர்வெயிலில் தும்பியை எடுத்தால் படம் புகைமூட்டமாக இருக்கிறது. பச்சை வட்டங்களும் தெரிகின்றன. லென்ஸ் பழுதா?

பதில்: முதலில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். லென்ஸ் நன்றாகவே இருக்கும். பயமுறுத்தி உங்கள் பணத்தைப் பறித்திருக்கிறார்கள். ஃபிலிம் காலத்தில் புற ஊதாக் கதிர் படத்தைக் கெடுத்தது, ஃபில்டருக்கு வேலை இருந்தது. டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னாலேயே அதற்கான தடுப்பு இருக்கிறது. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்த ஒளி லென்ஸுக்கும் ஃபில்டருக்கும் இடையே அலைபாய்ந்துதான் உங்கள் வட்டங்களாக விழுகிறது. தும்பியின் இறக்கை நரம்புகள் ஒவ்வொன்றும் தங்கக் கம்பியாக மின்ன வேண்டிய படம் அது! மணல் காற்றிலும் கடல் தெறிப்பிலும் நல்ல பூச்சுள்ள ஃபில்டர் உதவும், மறுக்கவில்லை. தோட்டத்துக்குத் தேவை லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹூட். பக்கவாட்டு வெயிலை மறைக்கும், இடித்தாலும் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். அதைப் பெட்டியில் வைக்காமல் தனியாக விற்கும் நிறுவனங்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

கேள்வி: மிக நெருக்கத்தில் படமெடுக்கும் பழைய மேக்ரோ லென்ஸ் ஒன்றை நேரில் போய் வாங்கினேன். வெளிப்புறம் பளபளப்பாக இருந்ததால் உள்ளே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் பார்த்தால் பூஞ்சை.

பதில்: நேரில் போயும் உள்ளே பார்க்காவிட்டால் எப்படி? பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் ஒரு நிமிடத்தில் சிலந்தி இழைபோல் தெரிந்திருக்கும். சாதாரண வெளிச்சத்தில் லேசான பூஞ்சை தெரியாமல் போகலாம். எதிர்வெயிலில் படமே மங்கிவிடும். விளம்பரத்தில் "பூஞ்சை இல்லை" என்று எழுதியிருந்தால் அதைப் பத்திரப்படுத்திக்கொண்டு, இன்றே எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.