விடுமுறை முடிந்து தீவுக்குத் திரும்பியவருக்கு

அன்புள்ள அக்கா,

எனக்கு நாகர்கோவில் பக்கம். மாலத்தீவில், ஹுவது அட்டோல் என்ற பவளத் தீவுக்கூட்டத்தில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். நீங்களும் அங்கே வேலை பார்த்தவர் என்பதால் எழுதுகிறேன். ஊருக்கு லீவில் வந்துவிட்டுத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. முதல் வருஷம் வந்தபோதுகூட இவ்வளவு கஷ்டப்படவில்லை. பாடம் நடத்துகிறேன், ஆனால் மனசு எதிலும் ஒட்டவில்லை. ஆறு வயது மகன் மாமியாரிடம் இருக்கிறான். வீடியோ காலில் கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடுகிறான். அப்புறம் ராத்திரி முழுக்க அழுகைதான். வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா? வீட்டுக் கடன் இன்னும் பாதி இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதல் தடவை போகும்போது கண்ணுக்கும் காதுக்கும் வேலை இருந்தது. கடலின் நிறம், படகுப் பயணம், புரியாத பாஷை என்று நாள் ஓடியது. இப்போது அதெல்லாம் பழகிவிட்டது. விட்டுவிட்டு வந்தது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. லீவு முழுக்கப் பிள்ளையை அணைத்துத் தூங்கிய உடம்பு, அவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆகாது. திரும்பிப் போன முதல் மாதம் எல்லோருக்குமே இப்படித்தான். நீங்கள் பலவீனமாகிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

திருவனந்தபுரத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் தலைநகர் மாலே. அங்கிருந்து தெற்கே உங்கள் தீவுக்குப் போவதுதான் பெரிய பயணம். இவ்வளவு பக்கத்தில் ஊர் இருப்பதும் ஒரு தொல்லை. மனசு போய்ச் சேராமல் நடுவழியிலேயே நின்றுகொள்கிறது.

சாயங்காலம் என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகத்தைச் சொல்கிறேன். பள்ளி விட்டு வந்து சமைத்து, தூங்கி எழுந்து, உடன் தங்கியிருக்கும் தமிழ், மலையாள டீச்சர்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறீர்கள். காய்கறிப் படகு வரவில்லை, டாலர் கிடைக்காததால் பணம் அனுப்ப முடியவில்லை, இன்னும் எத்தனை மாதம் என்று பேச்சு ஓடும். அந்தத் தோழிகள் இல்லாமல் அங்கே காலம் தள்ள முடியாது, உண்மை. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவது அவர்கள்தான். ஆனால் எல்லா நாளும் அந்த அறைக்குள்ளேயே இருந்தால் தீவு உங்களுக்கு வெறும் வேலைக்களமாகவே இருந்துவிடும். வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் மனசு ஒட்டாது.

ஐந்து மணிக்கு வெளியே வாருங்கள். பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில் வருஷம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் பொழுது சாயும். மக்ரிப் தொழுகைக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம் தீவே தெருவில் இருக்கும். கடற்கரையோரம் இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கயிற்று வலை கட்டிய இருக்கைகள் வரிசையாக இருக்குமே, ஜோலி, அதில் போய் உட்காருங்கள். யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் வகுப்புப் பிள்ளையின் பாட்டி நகர்ந்து இடம் கொடுப்பாள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே பலரும் சும்மாதான் இருப்பார்கள். எனக்கு அந்த ஊர் ஒட்டியது அங்கேதான். பக்கத்து வீட்டில் ரிஹாகுரு காய்ச்சுவதை நாள் முழுக்க நின்று பார்த்திருக்கிறேன். சூரைமீன் வெந்த தண்ணீர் வற்றி வற்றி, கடைசியில் கரும்பழுப்பாக, கரண்டியில் ஒட்டும் பதத்துக்கு வரும். தெருக்கோடி வரை வாசம். அதே சூரையை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் கல்லாக உலர்த்தினால் அது நம் தூத்துக்குடிக் கடைகளில் விற்கும் மாசி. மீன், தேங்காய்த்துருவல், வெங்காயம், எலுமிச்சையோடு சில சமயம் முருங்கைக்கீரையும் பொடியாக நறுக்கிப் போட்டுப் பிசைந்து மாஸ்ஹுனி என்று ரொட்டிக்கு வைத்துக் கொடுப்பார்கள். நாகர்கோவில்காரிக்கு அந்தச் சாப்பாடு அந்நியமாக இருக்க வழியில்லை.

அந்த ஊர் மொழியான திவேஹியின் எழுத்தையும் படியுங்கள். தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். கணக்கு டீச்சருக்கு ஒரு விஷயம் சொல்கிறேன்: அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபி எண்களின் வடிவத்திலிருந்து வந்தவை. அடுத்த ஒன்பது, அந்த ஊரின் பழைய எண்களிலிருந்து. எண்களை எடுத்து எழுத்தாக்கிக்கொண்ட ஒரு மொழி! உங்கள் பிள்ளைகளில் பலருக்கே இது தெரிந்திருக்காது, வகுப்பில் சொல்லுங்கள். அவர்களைப் பலகையில் எழுதவிட்டு நீங்கள் வாசியுங்கள். தப்பாக வாசித்தால் திருத்துவார்கள். இங்கிலீஷில் கணக்குப் படிக்கப் பயந்து பின்பெஞ்சில் ஒளியும் பையன்தான் அன்று முதலில் கை தூக்குவான்.

மகன் விஷயம். அவன் ஓடிப்போவது உங்களை மறந்ததால் இல்லை. ஆறு வயதுக் குழந்தை திரையைப் பார்த்து "சாப்பிட்டியா, படிச்சியா" கேள்விக்கு எவ்வளவு நேரம் பதில் சொல்லும்? கேள்வியை நிறுத்துங்கள். போனை மேஜைமேல் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். அவன் படம் வரையட்டும், வீட்டுப்பாடம் எழுதட்டும். இந்தப் பக்கம் நீங்கள் நோட்டுத் திருத்துங்கள். ஒரே அறையில் இருக்கும் அம்மாவும் பிள்ளையும் எப்போதும் பேசிக்கொண்டா இருக்கிறார்கள்? உங்களுக்கு ஏழு மணி என்றால் அவனுக்கு ஏழரை, அவன் தூக்கத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில், நீங்கள் பள்ளியில். வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு, அவனுக்குப் பள்ளி. இருவருக்கும் பொதுவாக விடுமுறை கிடைப்பது சனிக்கிழமை. அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். மாமியாரிடமும் தனியாகப் பேசுங்கள். பிள்ளையை வளர்க்கிறவருக்கும் ஒரு நல்ல வார்த்தை வேண்டும்.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள். இந்த மாதம் அந்த முடிவை எடுக்காதீர்கள். திரும்பிய மூன்றாம் வாரத்தில் யாரைக் கேட்டாலும் விட்டுவிடுகிறேன் என்றுதான் சொல்வார்கள். இந்த டெர்ம் முடியட்டும். அப்போதும் பையன் சரியாகச் சாப்பிடவில்லை, பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான் என்று மாமியார் சொன்னால், கடனை நீட்டித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுங்கள். அதில் ஒரு அவமானமும் இல்லை. ஆறு வயது இனி வராது. அப்படி வருவதானால் காண்டிராக்டில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பார்த்து, முதலில் பிரின்சிபாலிடம் நேரில் சொல்லுங்கள். உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுத வேண்டியவர்கள். புது டீச்சர் கடல் தாண்டி வந்து சேரும்வரை அவர்களுக்குக் கணக்கு நடத்த ஆள் வேண்டும். அதற்கும் ஒரு வழி செய்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா