900 டஸ்ட்டில் ஒரு காம்போ டெக்: லெஜண்டரி வேண்டாம், வரிசை தெரிந்தால் போதும்

கேள்வி: ஹார்த்ஸ்டோன் கார்டு கேமை ஒரு பைசா போடாமல் ஆடுகிறேன். கையில் 900 டஸ்ட் (கேமுக்குள் கார்டு செய்யச் செலவழிக்கும் தூள்) இருக்கிறது. பழைய கார்டுகளும் செல்லுகிற வைல்ட் பிரிவில் டிவைன் ஸ்பிரிட், இன்னர் ஃபயர் என்ற கார்டுகளை வைத்து ப்ரீஸ்ட் வகுப்பில் ஆடிப் பார்த்தால் பாதி ஆட்டத்தில் காம்போ (சேர்ந்து ஆளைக் கொல்லும் கார்டுகள்) சேர்வதற்குள் செத்துவிடுகிறேன், மீதிப் பாதியில் அடி கொஞ்சம் குறைகிறது. இன்னும் சேர்த்து ஒரு லெஜண்டரி (மிக அரிய வகைக் கார்டு) செய்துவிடலாமா?

வேண்டாம். ஒரு லெஜண்டரிக்கு 1600 டஸ்ட், அதைச் செய்தாலும் உங்கள் இரண்டு பிரச்சினையும் அப்படியேதான் இருக்கும். இந்த டெக்கின் நல்ல குணமே, ஆளைக் கொல்கிற கார்டெல்லாம் மலிவு என்பதுதான். டிவைன் ஸ்பிரிட் பழைய பேசிக் தொகுப்புக் கார்டு, அதற்கு டஸ்ட் வேண்டாம்; இன்னர் ஃபயர் காமன் (சாதாரண வகை), ஒன்று 40 டஸ்ட். மினியனின் (களத்தில் இறக்கும் வீரனின்) சிறப்புத் திறனையும் ஏற்றங்களையும் அழிக்கும் சைலன்ஸ் கார்டும் அதே விலை. ட்விலைட் டிரேக் என்ற மினியன் ரேர் (அடுத்த வகை), 100. இவை எல்லாம் இரண்டிரண்டு வைத்தாலும் 360தான் ஆகிறது. மிச்சத்தில் 400 போட்டு ஒரே ஒரு ஷேடோ விஷன்ஸ் செய்யுங்கள், எபிக்தான் (லெஜண்டரிக்கு ஒரு படி கீழே), ஆனால் டெக்கில் இருக்கிற ஒரு மந்திரத்தின் நகலைத் தேடி எடுத்துத் தருவதால் எந்தத் துண்டு கைக்கு வரவில்லையோ அதுவாகவே அது மாறிக்கொள்ளும். வைல்டில் கார்டுகள் வருஷா வருஷம் வெளியே போவதில்லை என்பதால் போட்ட டஸ்ட்டும் வீணாகாது.

இப்போது "அடி கொஞ்சம் குறைகிறது" என்கிறீர்களே, அதுக்கு வருவோம், உங்கள் தோல்வியில் பாதி இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். டிவைன் ஸ்பிரிட் ஒரு மினியனின் உயிரை இரட்டிப்பாக்கும், இன்னர் ஃபயர் அதன் தாக்குதலை உயிருக்குச் சமமாக்கும், இரண்டு ஸ்பிரிட், ஒரு ஃபயர், 2+2+1 என்று ஐந்து மேனாவில் (கார்டு ஆடச் செலவாகும் சக்தி) வேலை முடிந்துவிடும். எட்டு உயிர் உள்ள மினியன் 16, பிறகு 32, எதிராளிக்கு உயிர் 30. சரி, ஆனால் டிரேக்கை ஐந்து கார்டு கையில் இருக்கும்போது இறக்கினீர்கள் என்று வையுங்கள், அது 4/6, அதாவது தாக்குதல் 4, உயிர் 6. உயிரை இரண்டு கூட்டும் பவர் வேர்ட் ஷீல்டை முதலில் போட்டால் 8 ஆகி, 16, 32 என்று ஆள் காலி. அதே ஷீல்டை ஸ்பிரிட்டுகளுக்குப் பிறகு போட்டால் 6, 12, 24, கூட ஒரு இரண்டு, மொத்தம் 26தான். அதே கார்டுகள், ஆறு வித்தியாசம். அப்புறம், இன்னர் ஃபயர் போடுகிற அந்த நொடியில் உயிர் எவ்வளவோ அவ்வளவுதான் தாக்குதல், அதற்குப் பிறகு உயிரை ஏற்றி ஒரு புண்ணியமும் இல்லை.

அடிபட்ட மினியனிலும் இதே சிக்கல் உண்டு. டிவைன் ஸ்பிரிட் பார்ப்பது இப்போது மிஞ்சியிருக்கிற உயிரை. எட்டில் மூன்று போயிருந்தால் 5, 10, 20. இரண்டு மேனா கூட இருந்தால் முதலில் ஹீரோ பவரால் (ப்ரீஸ்ட்டின் சொந்தத் திறன், இரண்டு உயிர் ஆற்றும்) ஆற்றிவிடுங்கள், 7, 14, 28 வரும். பக்கத்தில், மினியன் ஆறும்போதெல்லாம் கார்டு தரும் நார்த்ஷயர் கிளெரிக் நின்றால் ஒரு கார்டும் கிடைக்கும், சும்மாவா!

ஏன் டிரேக் என்றால், காம்போ ஆடுகிறவன் கை எப்படியும் நிறைந்திருக்கும், ஒவ்வொரு கார்டுக்கும் அதற்கு ஒரு உயிர். தாக்குதல் நான்கு என்பதால் எதிரில் ப்ரீஸ்ட் இருந்தால் ஷேடோ வேர்ட் பெயினும் (தாக்குதல் மூன்று வரை உள்ளதைக் கொல்லும்) பிடிக்காது, டெத்தும் (ஐந்துக்கு மேல்பட்டதையும் ஐந்தையும் கொல்லும்) பிடிக்காது. ஆனால் எதிராளி சைலன்ஸ் வைத்திருந்தால் அது 4/1 ஆகிவிடும், அதைத் தடுக்க வழியில்லை, அடுத்த டிரேக்கைப் பாருங்கள்.

சேர்வதற்குள் சாவதற்குக் காரணம், தொடக்கக் கையில் டிவைன் ஸ்பிரிட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது. நானாக இருந்தால் காம்போ துண்டுகளை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு கிளெரிக்கைத் தேடுவேன், இரண்டாவதாக ஆடினால் டிரேக்கையும் வைத்துக்கொள்வேன். முதல் நாலு டர்ன் களத்தில் ஏதாவது நிற்க வேண்டும், ஏனென்றால் இந்த டெக்கில் சார்ஜ் (இறங்கிய உடனே அடிக்கும் திறன்) கிடையாது, போன டர்னில் பிழைத்த மினியன்தான் இந்த டர்னில் அடிக்கும். வேகமான டெக்கிடம் மாட்டினால் 30 கனவை விடுங்கள், ஒரு இன்னர் ஃபயரை எட்டு உயிர் மினியன் மேல் போட்டு அவர் களத்தைத் துடைப்பது தப்பே இல்லை. எதிரில் டான்ட் (முதலில் தன்னையே அடிக்க வைக்கும் மினியன்) நின்றால் சைலன்ஸை அதன் மேல் போடுங்கள், பதற்றத்தில் உங்கள் டிரேக் மேல் போட்டால் ஏற்றிய உயிரெல்லாம் போய்விடும்.

தாக்கும் முன் எதிராளியின் ஆர்மரையும் (உயிருக்கு மேல் கூடுதல் கவசம்) சீக்ரெட்டையும் (மறைத்து வைத்து, நிபந்தனை வந்ததும் வெடிக்கும் கார்டு) பாருங்கள். ஹன்டரிடம் சீக்ரெட் இருந்தால் சின்ன மினியனை முதலில் அனுப்புங்கள், ஃப்ரீஸிங் டிராப் என்றால் அதுதான் கைக்குத் திரும்பும், டிரேக் தப்பிக்கும். மேஜிடம் ஐஸ் பிளாக் (சாகடிக்கும் அடியைத் தடுக்கும் சீக்ரெட்) இருந்தால் அப்படி ஏமாற்ற முடியாது, சாகடிக்கும் அடிக்கு மட்டும்தான் அது வெடிக்கும். அங்கே ஒரே டர்னில் முடிக்கப் பார்க்காமல், ஒரு டிவைன் ஸ்பிரிட்டையும் ஒரு இன்னர் ஃபயரையும் கையில் மிச்சம் வைத்து இரண்டு தவணையாக அடியுங்கள்.