பாதியாகக் குறைத்தால் போதாது

கேள்வி: பதினான்கு வருஷமாகத் திருவிழா மேடைகளிலும் ஆபீஸ் விழாக்களிலும் காமெடி நிகழ்ச்சி நடத்துகிறேன். இப்போது ஒரு வெப் சீரிஸில் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டராக, கதாநாயகியின் அப்பாவாக நடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். டெஸ்ட் ஷூட்டில் இயக்குநர் "சார், பாதியா குறைங்க" என்றார். குறைத்தேன். "இப்ப உயிரே இல்லையே" என்கிறார். ஷூட்டிங்குக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வாட்வில் மேடைக் காமெடியன்கள் பலர் பின்னாளில் குணச்சித்திர நடிகர்கள் ஆனதாகப் படித்தேன். அவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: இயக்குநர் சொன்னதை நீங்கள் வால்யூம் என்று எடுத்துக்கொண்டீர்கள். கையையும் குரலையும் பாதியாக்கினால், அதே மேடை நடிப்பு பாதிச் சத்தத்தில் வரும், அவ்வளவுதான். நீங்கள் யாரைப் பார்த்து நடிக்கிறீர்கள் என்பதில்தான் கோளாறு. இதற்கு, வாட்வில் காமெடியனாக இருந்து குணச்சித்திர நடிகரான எட் வின்னைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1886இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா பெண்களுக்கான தொப்பி செய்து விற்றவர். ஐசையா எட்வின் லியோபோல்டு என்ற பெயரின் நடுத்துண்டை இரண்டாக உடைத்து 'எட் வின்' ஆக்கிக்கொண்டு, பதின்ம வயதிலேயே மேடைக்கு ஓடிவிட்டார். வாட்வில் என்பது ஒரே டிக்கெட்டில் எட்டு, ஒன்பது ஐட்டம். ஜனங்கள் சீட் தேடிக்கொண்டிருக்கும்போது பேச்சே இல்லாத ஒரு வித்தை முதலில் வரும். நட்சத்திரத்துக்குக் கடைசிக்கு முந்தைய இடம். கடைசி ஐட்டத்தின்போது பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். காமெடியனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய கால் மணி நேரம். அதே கால் மணி நேரத்தை ஊர் ஊராக, வருஷக்கணக்கில் ஓட்டலாம். எந்த வரிக்கு எவ்வளவு நேரம் சிரிப்பு நிற்கும் என்பது உடம்பிலேயே ஊறிவிடும். உங்களுக்கும் அது ஊறியிருக்கிறது.

நியூயார்க் பேலஸ் தியேட்டர் 1913 மார்ச் 24 அன்று திறந்தபோது முதல் நாள் பட்டியலிலேயே எட் வின் இருந்தார். சின்னத் தொப்பி, தொளதொள கோட்டு, மழலை கலந்த கீச்சுச் சிரிப்பு. கூடவே கோமாளிச் சாமான்கள்: சோளக்கதிரைத் தின்ன டைப்ரைட்டர் மாதிரி ஒரு கருவி, பியானோவோடு சேர்ந்த சைக்கிள். அந்தக் காலத்துக் கதை ஒன்று சொல்வார்கள். டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் பில்லியர்ட்ஸ் காமெடி செய்துகொண்டிருக்கையில், மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டு எட் வின் ஜனங்களைப் பார்த்துச் சேட்டை செய்தாராம். கண்டுபிடித்த ஃபீல்ட்ஸ் கோலாலேயே தலையில் ஒன்று போட்டாராம். உங்கள் இயக்குநர் நல்லவர், வாயால் சொன்னதோடு விட்டார்.

1922இல் நியூவார்க்கில் ஒரு வானொலி நிலையத்தில் தன் மேடை நிகழ்ச்சியை நடத்தப் போனார். ஜோக் சொன்னால் எதிரே நிசப்தம். தாங்க முடியாமல், கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்த பிறகுதான் நிகழ்ச்சி நகர்ந்தது. 1932இல் வானொலியில் பெரிய நட்சத்திரமானபோதும் ஸ்டுடியோவில் ஆட்களை உட்கார வைத்து, கேட்கிறவர் கண்ணுக்குத் தெரியாத வேஷத்தையும் போட்டுக்கொண்டுதான் பேசினார். இப்போது உங்கள் டெஸ்ட் ஷூட்டை நினைத்துப் பாருங்கள். முதல் முறை இல்லாத கூட்டத்துக்கு நடித்தீர்கள். இரண்டாம் முறை அந்தக் கூட்டத்தை எடுத்துவிட்டீர்கள், அந்த இடத்தில் வேறு யாரையும் வைக்கவில்லை. உயிர் போனது அங்கேதான்.

எட் வின்னுக்கு அந்தச் சோதனை 69 வயதில் வந்தது. 1956 அக்டோபர், ப்ளேஹவுஸ் 90 என்ற டிவி தொடரில் ஒன்றரை மணி நேர நாடகம், நேரடி ஒளிபரப்பு. குத்துச்சண்டை வீரனின் காயத்துக்கு மருந்து போடும் ஆர்மி என்ற கிழவர் வேஷம். வீரனாக ஜாக் பேலன்ஸ், மேனேஜராக எட் வின்னின் மகன் கீனன். ஒத்திகையில் எட் வின் பயத்தில் வசனம் வசனமாகத் தவறவிட்டார். அவருக்கே தெரியாமல் நெட் கிளாஸ் என்ற நடிகரைத் தயார் நிலையில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒளிபரப்பில் ஜெயித்துவிட்டார். அந்தக் கிழவரின் வேலையே இன்னொருவனைக் கவனிப்பதுதான். ஹாலுக்குக் கொடுத்துப் பழகிய கவனம் முழுக்க அந்த ஒருவன்மேல் விழுந்தது. மூன்று வருஷம் கழித்து, ஆன் ஃபிராங்க் படத்தில் பல் டாக்டர் டசல் வேஷத்துக்கு ஆஸ்கர் பரிந்துரையே வந்தது.

சரி, உங்கள் மூன்று வாரம். உங்கள் சீன் பேப்பரில், எந்த வரி முடிந்ததும் நிறுத்தி நிமிர்ந்து பார்க்கிறீர்களோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். அதெல்லாம் சிரிப்புக்காக விட்ட இடம். நிறுத்தம் இருக்கலாம், அதில் பார்வை மகளாக நடிப்பவர் முகத்துக்குப் போகவேண்டும். வரியின் கடைசி வார்த்தையை ஆணி அடிக்கிற மாதிரி அழுத்துவீர்கள், பஞ்ச் சொல்லிப் பழகியவர் எல்லோரும் அப்படித்தான். அதை விடுங்கள். வீட்டில் யாரையாவது மகளின் வசனத்தைப் படிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு வார்த்தை மாற்றி. அப்போதுதான் நிஜமாகவே காது கொடுப்பீர்கள். இது ஒன்றுக்கே ஒரு வாரம் கொடுக்கலாம்.

அடுத்து, செல்போனைக் கண் மட்டத்தில் ஒரு மீட்டர் தள்ளி வைத்து, படிக்கிறவரை அதன் பக்கத்திலேயே உட்கார வைத்து, மார்பு வரை தெரியும்படி எடுங்கள். முதலில் சத்தம் இல்லாமல் பாருங்கள். எங்கே ஜோக் வருகிறது என்று புருவத்தை வைத்தே கண்டுபிடிக்க முடிந்தால் புருவம் அதிகம். பிறகு திரையைப் பார்க்காமல் கேளுங்கள். மைக் சட்டைக்குள்ளேயோ தலைக்கு மேலேயோ இருக்கும். கடைசி வரிசைக்குப் பேச வேண்டியதில்லை.

செட்டில் இரண்டு விஷயம் உங்களைக் கவிழ்க்கும். ஒரே சீனை மூன்று நான்கு கோணத்தில் எடுப்பார்கள். எந்த வார்த்தையில் காபி டம்ளரைத் தூக்கினீர்களோ, ஒவ்வொரு டேக்கிலும் அதே வார்த்தையில் தூக்கவேண்டும். டேக்குக்கு டேக் புதுசாக ஒன்றைச் சேர்த்தால் எடிட்டரால் ஒட்டவே முடியாது. இன்னொன்று, டேக் ஓடும்போது யூனிட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் ஒலிப்பதிவு கெட்டுவிடும். அந்த மௌனத்தைத் தோல்வி என்று நினைத்துத்தான் மூன்றாவது டேக்கில் மேடைக்காரர்கள் எல்லோரும் நடிப்பைக் கூட்டிவிடுகிறார்கள்.

மேடையில் கற்றதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். 1959இல் ட்விலைட் சோன் தொடரின் 'ஒன் ஃபார் தி ஏஞ்சல்ஸ்' பகுதியில் எட் வின் தெருவோர வியாபாரி. ஒரு சிறுமியின் உயிரை எடுக்க மரணமே கோட்டு சூட்டில் வந்து நிற்கிறது. நள்ளிரவு தாண்டும்வரை அதைப் பிடித்து வைக்க, டையும் நூலுமாகக் கடை விரிக்கிறார். அந்த மூச்சுவிடாத பேச்சு முழுக்க வாட்வில் சரக்கு. ஆனால் பார்வை வாடிக்கையாளனை விட்டு அசையாது. மேடையில் இதையே ஹாலைப் பார்த்துச் சொல்லியிருப்பார். முடிந்தால் அந்த ஒரு காட்சியை நான்கைந்து தடவை ஓட்டிப் பாருங்கள், இரண்டு முறையாவது சத்தமில்லாமல்.