அடி கூடியிருக்கு, நிறை குறையேல்லை

கேள்வி: எனக்கு வயது 47, உயரம் ஐந்தடி இரண்டங்குலம், நிறை 76 கிலோ. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருக்கிறேன். கந்தோரில் கதிரையில் இருந்து செய்யும் வேலை, போய் வருவது ஸ்கூட்டியில். கனடாவில் இருக்கும் தம்பி இடுப்பில் கொழுவுகிற, அடி எண்ணும் கருவி ஒன்று அனுப்பினான். முதலில் ஒரு நாளைக்கு 4,000 அளவில் காட்டியது. இப்போது காலையும் பின்னேரமும் ஒழுங்கையில் நடந்து 6,500 வரை கொண்டுவந்துவிட்டேன். மூன்று கிழமையாகியும் தராசு அசையவில்லை. 10,000 நடந்தால்தான் குறையும் என்கிறான் மகன். அவனுடைய கைப்பட்டியைக் கட்டிப் பார்த்தால் அது வேறு கணக்குக் காட்டுகிறது. எதை நம்புவது சேர்?

பதில்: தராசில் இருந்து தொடங்குவோம். உங்கள் உயரத்துக்கு ஓர் எட்டு ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் வரும். நீங்கள் கூட்டிய 2,500 அடி ஒன்றரைக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. 76 கிலோ உடம்பு அவ்வளவு தூரம் நடக்க 80 கலோரி அளவில் செலவாகும். 21 நாளுக்கு 1,700 கலோரி என்று வையுங்கள். ஒரு கிலோ கொழுப்புக் கரைய 7,700 கலோரி போகவேண்டும். ஆக, மூன்று கிழமை நடைக்கு உங்களுக்குச் சேரவேண்டிய கூலி 200 கிராமும் சில்லறையும். முதல் நாள் இரவு கருவாட்டுக் குழம்போடு புட்டுச் சாப்பிட்டால், உப்புப் பிடித்துவைக்கிற தண்ணீரே அதைவிடக் கூட. உங்கள் வயதில் மாதவிடாய் நாட்களும் தராசை ஏற்றி இறக்கும்.

நீங்கள் ஒருவர் மட்டும் இப்படியில்லை. இத்தகைய கருவியோடு நடந்தவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து 2008 இல் கணக்குப் பார்த்தார்கள். சாப்பாட்டில் கைவைக்காமல் நடந்தவர்களுக்குச் சராசரியாகக் குறைந்த நிறை 1.27 கிலோ, கிழமைக்கு 50 கிராம் அளவில். நடை மட்டும் மெதுவாகத்தான் குறைக்கும்.

அதனால் ஒன்றைக் கேட்கிறேன், குறை நினைக்காதீர்கள். நடந்து வந்து களைப்புக்கு என்ன குடிக்கிறீர்கள்? ஒரு தேக்கரண்டி சீனியில் 16 கலோரி. இரண்டு கரண்டி போட்ட தேத்தண்ணி நாளுக்கு ஐந்து என்றால் 160. நீங்கள் கூட்டிய நடை முழுக்க இரண்டு கோப்பையிலும் சொச்சத்திலும் போய்விடும். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நடையைக் கூட்டுவதிலும் பார்க்கச் சீனியைக் குறைக்கிறதுதான் கஷ்டம். ஒரு கிழமைக்கு ஒரு கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். பொரியலுக்கு விடுகிற எண்ணெயையும் போத்தலால் சரிக்காமல் கரண்டியால் அளந்து விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி.

அந்தப் 10,000 மருத்துவர்கள் கண்டுபிடித்த எண் அல்ல. ரோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருடம், 1965 இல், ஜப்பானின் யமாசா நிறுவனம் விற்ற கருவிக்கு ‘மான்போ கெய்’ என்று பெயர். பொருள்: பத்தாயிரம் அடி அளவி. விற்பதற்கு வைத்த பெயர்தான் உலகம் முழுக்க விதியாகிவிட்டது. 2019 இல் அமெரிக்காவில் சராசரி வயது 72 ஆன ஏறத்தாழ 17,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களில் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. அது ஆயுள் பற்றிய கணக்கு, நிறை பற்றியதல்ல. நிறையைக் குறைக்க எவ்வளவு கூட நடக்கிறீர்களோ அவ்வளவு நல்லதுதான். ஆனால் 6,500 இல் நிற்கிற நீங்கள் ஒரேயடியாகப் பத்தாயிரத்துக்குப் பாய்ந்தால் முழங்கால்தான் முதலில் கதைக்கும். இரண்டு கிழமைக்கு ஒருதரம் 500 கூட்டுங்கள். 8,000 வந்ததும் எனக்கு எழுதுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

இனி கருவி. இடுப்பில் கொழுவுவது, ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு மேலும் கீழும் அசைவதை எண்ணுகிறது. கருவி நிமிர்ந்து நின்றால்தான் சரியாக எண்ணும், குறிப்பாக உள்ளே சுருள்வில் வைத்த பழைய வகை. வயிறு முன்தள்ளியிருந்தால் கருவி சரிந்துவிடும், எண்ணிக்கை குறையும். சேலையில் எங்கே கொழுவுவது என்று பெண்கள் எல்லாரும் கேட்கிறார்கள். உள்பாவாடைக் கட்டில், தொப்புளுக்கு நேரே அல்லாமல் தொடைக்கு மேலே பக்கவாட்டில் வையுங்கள். ஹவுஸ்கோட் பையில் போட்டால் அது தொங்கி ஆடும், அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். சாரத்தில் கொழுவுகிற ஆண்களுக்கு ஒரு சொல்: என்னுடைய முதல் கருவி கிணற்றுக்கட்டில் குனிந்தபோது உள்ளே போனது. நூல் ஒன்று கட்டி ஊசியால் குத்துங்கள்.

மகனின் கைப்பட்டி எண்ணுவது கையசைவை. அதைக் கட்டிக்கொண்டு திருவலையில் இருந்து ஒரு பாதித் தேங்காய் திருவிப் பாருங்கள். ஓர் அடியும் வைக்காமலே எண் ஏறினாலும் ஏறும். அதே பட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தால் கை அசையாததால் குறைத்து எண்ணும். போன் கைப்பையில் கிடந்தால் கைப்பை போன தூரம்தான் அதற்குத் தெரியும்.

எதை நம்புவது என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. ஒழுங்கையில் வாய்விட்டு எண்ணி 100 அடி நடவுங்கள். கருவி 95 க்கும் 105 க்கும் இடையில் காட்டினால் போதும். எண் அதற்கு வெளியே போனால் இடத்தை மாற்றிக் கொழுவித் திரும்ப நடவுங்கள். எட்டின் நீளம் சரியாகத் தெரிய வேண்டுமானால் காலை நனைத்து முற்றத்து மணலில் பத்து அடி வைத்து, முதல் குதிக்கால் தடத்தில் இருந்து கடைசித் தடம்வரை நாடாவால் அளந்து, இடையில் வைத்த அடிகளால் பிரியுங்கள். ஸ்கூட்டியில் ஏறும்போது கருவியைக் கழற்றிவிடுங்கள். எங்கள் குழி றோட்டில் குலுங்கிய குலுக்கலும் உங்கள் 6,500 இல் சேர்ந்திருக்கலாம். எது சோதனையில் தேறுகிறதோ அதையே வையுங்கள், இரண்டையும் ஒப்பிட்டு மண்டையைக் குழப்ப வேண்டாம்.

அடியின் எண்ணிக்கையோடு வேகமும் பாருங்கள். மலை நாட்டவருக்கு ஏற்றம் உதவும், எங்கள் குடாநாடோ அப்பளம்போல் தட்டை. இங்கே உடம்புக்கு வேலை கொடுக்க வேகம்தான் வழி. நிமிடத்துக்கு 100 அடி, அதாவது பத்து நிமிடத்தில் ஆயிரம் ஏறினால் நல்ல நடை. கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. கிழமைக்கு 150 நிமிடம் அப்படி நடந்தால் உலக சுகாதார நிறுவனம் கேட்கிற அளவு. கட்டாக்காலி நாய்க்குப் பயந்து ஒழுங்கையில் வேகம் வராது என்றால் பின்னேரத்தில் பண்ணைப் பக்கம் போங்கள், கடற்காற்றும் கிடைக்கும். மழை நாளில் விறாந்தையே போதும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கருவியைக் கழற்றாதீர்கள், நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்தால் வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விறைத்த காலுக்குப் பொக்களம் தெரியாது. சீனி குறைக்கும் குளிசை எடுப்பவர்கள் பையில் இரண்டு டொபி வைத்திருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் உடனே ஆசுப்பத்திரி.

நிறையைத் தினமும் பார்ப்பதை விடுங்கள். கிழமைக்கு ஒருநாள், விடிய, மலசலம் கழித்த பிறகு, சாப்பிட முதல் பாருங்கள். அடிகளையும் குசினிக் கலண்டரில் எழுதிக் கிழமைச் சராசரி எடுங்கள். தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து வயிற்றுச் சுற்றளவையும் எழுதிவையுங்கள். எங்கள் பெண்களுக்கு அது 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது, தராசு அசைய முதல் நாடா அசைவதுமுண்டு. அடுத்த கடிதத்தில் மூன்று எண்ணையும் அனுப்புங்கள், தேத்தண்ணிக் கணக்கையும் சேர்த்து.