தொழிலிடப் பாதுகாப்புச் சட்டங்களை எளிமையாக்கியதால் தொழிலாளிக்கு உண்மையில் பயன் உண்டா?

13 மத்தியச் சட்டங்களை ஒன்றாகச் சுருட்டிய 2020ஆம் ஆண்டின் தொகுப்பைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நான் வக்கீல் அல்ல. மன்னார்குடிப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் 17 ஆண்டுகள் கணக்கு எழுதியவன்.

எழுதிய பதிவேடுகளை அடுக்கினால் ஒரு நெல் மூட்டை உயரம் வரும். அந்த 13இல் ஒன்றான 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி 14 மாதத்துக்கு ஒருமுறை சுவருக்கு வெள்ளையடித்து, அடித்த தேதியைக் குறித்து வைக்க வேண்டியிருந்தது. எச்சில் துப்பத் தொட்டி வைக்க வேண்டியிருந்தது. வேறு இடத்தில் துப்பினால் ஐந்து ரூபாய் வரை அபராதம் இருந்தது. வெற்றிலை போடாத ஆளைத் தஞ்சாவூர்ச் சீமையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஐந்து ரூபாயை யாரிடமும் வசூலித்ததாக எனக்கு நினைவில்லை. இந்த மாதிரிச் சுமை குறைந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. பல உரிமங்களுக்குப் பல இடம் அலைவது குறைந்தாலும் நல்லதுதான்.

ஆனால் அதே பழைய சட்டத்தில் வேறு சில வரிகளும் உண்டு. ஒரு சம்பா சீசனில், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் பெல்ட்டுக்குக் கிரீஸ் வைக்கப் போனவரின் தோள் துண்டு உள்ளே இழுபட்டது. துண்டோடு கையும் உள்ளே போயிற்று. இரண்டு விரல்கள் மிஞ்சவில்லை. பெல்ட்டை மூடியிருக்க வேண்டிய கம்பி வலை ஒரு வாரமாகச் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. மில்லை நிறுத்தி ஓட்டினால் அரை மணி நேரம் வீணாகும் என்று ஓட்டத்திலேயே கிரீஸ் வைப்பது வழக்கம். பிறகு நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். ஓடும் இயந்திரத்தில் கை வைப்பவர் அதற்கெனப் பயிற்சி பெற்றவராக, ஆலை கொடுத்த இறுக்கமான உடை அணிந்தவராக இருக்க வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொன்னது. துண்டு என்ன செய்யும் என்பது 1948லேயே தெரிந்திருக்கிறது. விசாரிக்க வந்த அதிகாரி முதலில் கேட்டது வருகைப் பதிவேட்டை. அது சுத்தமாக இருந்தது, நான் எழுதியதாயிற்றே.

புதிய தொகுப்பில் இப்படிப்பட்ட விவரங்கள் பெரும்பாலும் சட்டத்தின் உடம்பிலிருந்து விதிகளுக்கும் தரநிலைகளுக்கும் இடம் மாறிவிட்டன. விதியை மாற்ற அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும். எனக்கு அது உறுத்துகிறது.

அதைவிட உறுத்துவது தலைக்கணக்கு. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே முன்பு அது தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். மின்சாரம் இல்லையென்றால் 20 பேர் என்றிருந்தது 40 ஆகிவிட்டது. பத்துப் பேர் இருந்தால் தொகுப்பின் பொதுவான கடமைகள் பொருந்தும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் தொழிற்சாலை என்ற பெயரோடு வரும் கட்டட வரைபட ஒப்புதலும் உரிமமும் அந்த இடத்துக்கு இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விதிகள் பொருந்துவதற்கான ஆள் எண்ணிக்கையும் 20லிருந்து 50க்கு ஏறிவிட்டது. எங்கள் ஊரில் பதினைந்து பேர் வேலை செய்த ஒரு சின்ன மில் பதிவேட்டில் ஒன்பது பேரைத்தான் காட்டியது. இனி அந்த முதலாளிக்குப் பொய் எழுதும் வேலையும் மிச்சம். நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைகளையும் கும்பகோணம் பாத்திரப் பட்டறைகளையும் நினைத்துப் பாருங்கள். இருபது பேர் ஒரே கூரையின் கீழ் வார்ப்பு ஊற்றும் பட்டறை எத்தனை இருக்கும்?

நல்லதும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்ததற்கு நியமனக் கடிதம் தர வேண்டும்; 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு இலவச மருத்துவப் பரிசோதனை. முதலாளியின் தவறால் சாவோ பெருங்காயமோ நேர்ந்தால், அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ போய்ச் சேர நீதிமன்றம் உத்தரவிடலாம். கடிதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. விரல் போனவர் எங்கள் ஆலையில் வேலை செய்தார் என்பதற்கு என் கையெழுத்தைத் தவிர வேறு சான்று இல்லை.

எளிமை என்றால் எனக்கு வேறொன்று தோன்றும். நெல் ஊறும் தொட்டியில் தண்ணீர் புளித்தால் உள்ளே மூச்சுக்காற்று குறைந்துவிடும். சுத்தம் செய்ய இறங்குகிறவர் மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். பழைய சட்டத்தின் 36ஆம் பிரிவு இதற்கு வழி சொன்னது: உள்ளே போகலாம் என்று தகுதியுள்ளவர் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் மூச்சுக் கருவியும் இடுப்பில் பெல்ட்டும் வேண்டும், பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். சட்டச் சுருக்கத்தைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் மாட்டி வைக்க வேண்டும் என்ற விதிப்படி எங்களிடம் ஒரு தாள் இருந்தது. அது ஆபீஸ் அறையில், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. மூட்டை தூக்குகிறவர்கள் அந்த அறைக்குள் வந்ததே கிடையாது.

வேலையை விடுவதற்கு முந்தைய மாதம் ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு, அந்தக் கயிற்று விஷயத்தை மட்டும் ஊறல் தொட்டியின் பக்கச் சுவரில் பெரிய எழுத்தில் எழுத வைத்தேன். முதலாளி வந்து பார்த்தார். “கணக்குப்பிள்ளை, இந்தச் செலவை எதில் எழுதினீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

வெள்ளையடித்த செலவில் எழுதியிருந்தேன்.