மணியை நோக்கி ஓடிய மகன்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துக் கத்தோலிக்கர்கள். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். எங்கள் மகனுக்கு ஒன்பது வயது. நான்கு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். சில சொற்கள்தான் பேசுவான். பெரும்பாலும் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான். ஆறு மாதத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது அடிக்கும் எழுந்தேற்ற மணி அடித்தபோது, என் கையை உதறிவிட்டுப் பீடத்துக்கு ஓடி, பீடச்சிறுவன் கையிலிருந்த மணியைப் பிடுங்கிவிட்டான். பிடித்து இழுத்ததும் தரையில் விழுந்து அலறினான். வெளியே வந்தபோது ஒரு பெரியவர், "அடக்கி வைக்கத் தெரியாவிட்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்" என்றார். சுற்றி நின்ற யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை. அவன் வயதுப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு புதுநன்மை (பூசையில் முதன்முறையாக அப்பம்) வாங்குகிறார்கள். இவனையும் மறைக்கல்வி வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. வயிற்றில் இருந்தபோது நான் செய்த ஏதோ தப்புதான் காரணம் என்கிறார் என் மாமியார்; ஏர்வாடி தர்காவில் சில நாள் தங்கவைத்தால் சரியாகும் என்றும் சொல்கிறார். வீட்டில் சாப்பிட உட்காரும்போது மகன் இரண்டு கைகளையும் விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று மின்விசிறியைப் பார்த்துச் சொல்கிறான். புனித அருளானந்தர் திருத்தலமான ஓரியூருக்குப் போனால் செம்மண்ணில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அசையமாட்டான். இவனைக் கோயிலுக்கு எப்படிக் கூட்டிப்போவது? கூட்டிப்போகத்தான் வேண்டுமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூட்டிப்போக வேண்டும். இந்த மாதமே தொடங்குங்கள்.

அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. ஒரு குடும்பம் பூசைக்கு வராமல் போனால் முதல் மாதம் விசாரிப்பார்கள். ஆறு மாதம் கழிந்தால் அந்த இடத்தில் வேறொருவர் பாய் விரித்துவிடுவார். எங்கள் வீட்டில் இதைப் பார்த்தேன். என் தம்பிக்கும் ஆட்டிசம். இப்போது அவனுக்கு 43 வயது. ஒன்பது வயதில் ஊர்த் திருவிழாக் கொடியேற்றத்தின்போது வெடிச்சத்தத்துக்குப் பயந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். யாரோ ஒருவர் அவனைப் பிடித்து ஓங்கி அறைந்தார். அன்றோடு அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டார். பதினொரு வருடம். மாலை நான்கு மணிக்கு ஆளில்லாத கோயிலுக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டுபோய், கடைசித் தூணோரம் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிவிட்டு வருவார். திரும்பி வரும்போது யாராவது எதிரே வந்தால் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வார். அந்தப் பதினொரு வருடம் உங்களுக்கு வேண்டாம்.

நம் கடற்கரைக் கோயில்களை நினைத்துப் பாருங்கள். கொடியேற்றத்துக்கு வெடி, தேருக்குப் பேண்டு வாத்தியம், நவநாள் முழுக்கத் தெருக்கோடி வரை ஒலிபெருக்கி. இத்தனை சத்தத்தோடு கடவுளைக் கும்பிடுகிற நாம், ஒரு குழந்தை இரண்டு நிமிடம் அலறியதற்குப் பூசை கெட்டுவிட்டது என்று சொல்வது நியாயமில்லை. எரிகோ வழியோரத்தில் பார்வையற்ற பர்த்திமேயு கூச்சலிட்டபோதும் கூட்டம் அவரை அதட்டி வாயை மூடச் சொன்னது. அவர் இன்னும் உரக்கக் கத்தினார். இயேசு நின்று, அவரைக் கூப்பிடுங்கள் என்றார். மாற்கு நற்செய்தி, பத்தாம் அதிகாரம். உங்களிடம் பேசிய பெரியவரும் அதைப் பலமுறை கேட்டிருப்பார்.

இப்போது அந்த மணி. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குக் காதும் கண்ணும் தோலும் நம்மைப்போல் வேலை செய்வதில்லை. நமக்குக் காதில் விழாத மின்விசிறியின் கிறீச்சொலி அவர்களுக்குத் தாங்கமுடியாததாக இருக்கலாம். நாம் சாதாரணமாகக் கேட்கும் ஒரு மணியோசை அவர்களை அப்படியே இழுத்துக்கொண்டும் போகலாம். உங்கள் மகன் கலகம் செய்ய ஓடவில்லை. பூசை முழுவதிலும் அவன் மனதைத் தொட்ட ஒன்றைத் தேடிப் போயிருக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் கை விரித்துச் சாமியார் சொல்வதைச் சொல்கிறானே, அது வெறும் கிளிப்பேச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் இப்படிப்பட்ட பிள்ளைகள் பலரின் பேச்சு. எந்த இடத்தில் எதைச் சொல்கிறான் என்று கவனியுங்கள். கோயிலில் பீடத்தைச் சுற்றி எல்லோரும் கூடியிருக்கும்போது கேட்ட சொற்களை, வீட்டில் எல்லோரும் சோற்றைச் சுற்றி உட்காரும்போது சொல்கிறான். ஆறு மாதமாகக் கோயிலைப் பார்க்காத பிள்ளை!

முதலில் பங்குச் சாமியாரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருபது பேர் சூழ்ந்து நிற்கும்போது வேண்டாம். கணவரையும் கூட்டிக்கொண்டு வாரநாள் ஒன்றில் மாலையில் போங்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எதற்குப் பயப்படுவான், எது பிடிக்கும், அலறினால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது. அங்கேயே ஒன்று கேளுங்கள். கோயிலில் ஆளில்லாத நேரத்தில் அந்த மணியை அவன் கையில் கொடுத்து ஒருமுறை அடிக்கவிட வேண்டும். பிடுங்கியதைக் கையில் கொடுத்துவிட்டால் பிடுங்கும் வேகம் தணிய வாய்ப்புண்டு.

பிறகு, பூசையைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு ஞாயிறு நன்மை கொடுக்கும் நேரத்துக்குப் போய், இறுதி ஆசீர் வாங்கிக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து வெளியே வாருங்கள். தொடக்கத்திலேயே போய்ப் பாதியில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், கோயில் என்றால் பாதியில் துரத்தப்படும் இடம் என்று அவன் மனதில் பதிந்துவிடும். முடிவில் போனால் ஒவ்வொரு முறையும் முழுதாக முடித்துவிட்டு வருவான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். மறையுரையை எட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆகட்டும்.

ஒலிபெருக்கிப் பெட்டிக்குத் தள்ளி, பக்கவாசலை ஒட்டிய இடமாகப் பார்த்து உட்காருங்கள்; வாரம்தோறும் அதே இடம். பூசையின் கட்டங்களைச் செல்போனில் படமெடுத்து, ஸ்டுடியோவில் பிரதி போட்டு அட்டையில் ஒட்டுங்கள்: பாட்டு, வாசகம், காணிக்கை, மணி, நன்மை, கடைசியில் உங்கள் வீட்டு வாசல். ஒவ்வொன்று முடியும்போதும் ஒரு படத்தைத் திருப்பி வையுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் இந்தப் பிள்ளைகளுக்குப் பாதிப் பயம் போய்விடும். காதை மூடும் கவசம் போட்டுவிடலாம். பாட்டுக் கேட்கிறான் என்று யாராவது முகம் சுளித்தால் சிரித்த முகத்தோடு ஒருமுறை விளக்குங்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் நாம் கைகூப்பிக் கும்பிடுகிறோமே, தொட்டால் பிடிக்காத பிள்ளைக்கு அது எவ்வளவு நல்ல வழக்கம்! அதை வீட்டில் தினமும் பழக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அலறல் வரலாம். அது அடம் இல்லை. அடம்பிடிக்கும் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழும்; இது உள்ளே தாங்காமல் கொட்டுவது. பேசாமல் வெளியே கூட்டிப்போங்கள், கடல் பக்கமாக. அறிவுரை சொல்ல வருகிறவர்களை உங்கள் கணவர் மறித்துக்கொள்ளட்டும். அடங்கியதும் உள்ளே வந்து ஒரு நிமிடமாவது இருந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

ஊர்க்காரர்களைப் பழக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம். அடுத்த கூட்டத்தை உங்கள் வீட்டில் கேட்டு வாங்குங்கள். அவனுக்குத் தெரிந்த சுவர், தெரிந்த பாய், தெரிந்த வாசம். நாலு வீட்டுப் பெண்கள் அவன் கைகூப்பிச் சமாதானம் சொல்வதைக் கண்ணால் பார்த்தால், பிறகு கோயிலில் அவன் எழுந்து நடந்தாலும் உங்களுக்காகப் பேச நாலு வாய் இருக்கும். அன்று யாரும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

புதுநன்மை பற்றிக் கூச்சமே வேண்டாம். உடல், மன வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்கு இயன்ற அளவு மறைக்கல்வி கிடைக்கப் பங்குத்தந்தை கவனம் எடுக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 777-ஆம் எண்ணில் சொல்கிறது. புதுநன்மை வாங்கும் பிள்ளைகள் தம் அறிவுக்கு எட்டிய அளவு புரிந்துகொண்டால் போதும் என்பது 913-ஆம் எண். 2014 நவம்பரில் வத்திக்கான் ஆட்டிசம் பற்றியே ஒரு மாநாடு நடத்தியது. திருத்தந்தை பிரான்சிஸ் ஆட்டிசம் உள்ளவர்களையும் குடும்பங்களையும் அங்கே சந்தித்தார். இவற்றை எடுத்த எடுப்பில் சாமியாரிடம் சொல்லாதீர்கள், தயங்கினால் சொல்லுங்கள். மந்திரங்களை ஒப்பிக்க வேண்டியதில்லை. இந்த அப்பமும் வீட்டுச் சாப்பாடும் வேறு என்று தன் வழியில் காட்டினால் போதுமா என்று கேளுங்கள்.

அப்பம் நாக்கில் ஒட்டும். பல பிள்ளைகள் அதைத் துப்பிவிடுவார்கள். பெற்றோர் அந்தப் பயத்திலேயே நன்மையை விட்டுவிடுகிறார்கள். மந்திரிக்காத அப்பங்கள் சிலவற்றைச் சிஸ்டர்களிடம் கேட்டு வாங்கி வீட்டில் பழக்குங்கள். முதல் நாள் தொடட்டும், பிறகு முகரட்டும், பிறகு அரிசிமணியளவு துண்டு, பின்னால் ஒரு வாய்த் தண்ணீர். மிகச் சிறிய துண்டிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் என்பதுதானே நம் விசுவாசம்? அரிசிமணியளவு துண்டு போதும்.

மாமியாருக்கு வருகிறேன். அவருக்கும் பேரன்மேல் பாசம்தான். பயம் அதை வேறு வழியில் திருப்புகிறது. நீங்கள் தப்புச் செய்ததால் வந்தது என்பதை ஒருநாளும் ஏற்காதீர்கள். 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய பிறகு, சில பத்தாண்டுகள் மருத்துவர்களே தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று சொல்லிவந்தார்கள். அது தவறு என்று மருத்துவமே பிறகு கைவிட்டது. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இவர் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டுமில்லை என்றாரே ஆண்டவர், யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை மாமியாரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

ஏர்வாடி தர்காவுக்குப் போய்க் கும்பிட்டு வருவது நம் பக்கத்தில் எல்லா மதத்தாருக்கும் வழக்கம்; அதைத் தடுக்க வேண்டாம். பிள்ளையை எங்கேயும் தங்கவைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பேய் ஓட்டுகிறேன், ஜெபித்துக் குணமாக்குகிறேன் என்று தலையைப் பிடித்து அழுத்திக் கத்துகிறவர்களிடமும் கொடுக்காதீர்கள். ஆட்டிசம் ஓட்டவேண்டிய பேய் அல்ல; அவன் மூளை வளர்ந்த விதம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. சான்றிதழும் அடையாள அட்டையும் இன்னும் வாங்கவில்லையென்றால் இராமநாதபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். வருமானமில்லாத அந்த நாட்கள் எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பா வீட்டில் இருக்கும் காலம் அது ஒன்றுதான். மகன் வளர்ந்தால் பெண்கள் பக்கம் உட்கார முடியாது. அதற்குள் அப்பாவோடு ஆண்கள் பக்கம் உட்காரப் பழக வேண்டும். திருவிழாவுக்கு முழுநாளும் நிறுத்திவைக்க வேண்டாம். தேர் அலங்காரம் முடிந்து பேண்டு தொடங்குவதற்கு முன் கூட்டிப்போய்ச் சக்கரத்தைத் தொடவிட்டு வந்துவிடுங்கள்.

என் தம்பியின் கதையை முடிக்கவில்லை. பதினோராம் வருடம் புதிதாக வந்த சாமியார் ஒருநாள் மாலை நான்கு மணிக்குக் கோயிலுக்குள் வந்தார். தம்பி கடல் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தான். காற்று திரும்பினால் மணல் உள்ளே வந்துவிடும், அது அவனுக்குப் பிடிக்காது. பார்த்துக்கொண்டே நின்றவர், "ஞாயிற்றுக்கிழமையும் நீயே வந்து சாத்து" என்றார். அம்மா அங்கேயே முந்தானையில் முகம் பொத்தி அழுதார். இன்றுவரை பூசை முடிந்ததும் பன்னிரண்டு ஜன்னல்களையும் அதே வரிசையில் அவன்தான் சாத்துகிறான். அவன் முடிக்கும்வரை கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சாவியோடு வாசலில் நிற்பார். உங்கள் மகனுக்கும் ஒரு வேலை இருக்கும். பாய் விரிப்பதாக இருக்கலாம், மணியாகவும் இருக்கலாம்.

ஓரியூர் பற்றி ஒன்று. 1693-இல் அங்கே அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். அவர் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பித்தான் அந்த மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துவந்து நெற்றியில் பூசுகிறோம். நாம் ஒரு சிட்டிகை எடுக்கும் மண்ணில் உங்கள் மகன் ஒரு மணி நேரம் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அடுத்த முறை போகும்போது ஒரு பிடி அள்ளி வாருங்கள். கெட்டித் துணியில் உள்ளங்கை அளவு பை தைத்து, அதில் போட்டு மூடி, கோயிலுக்குள் நுழையும்போது அவன் கையில் கொடுங்கள். இரட்டைத் தையல் போடுங்கள். பூசை முழுக்க அதைப் பிசைந்துகொண்டிருப்பான்.