ஃப்ளோ யோகா ஆசிரியர் பயிற்சி: பணம் கட்டும் முன் ஒரு வகுப்புக்குப் போய் வரட்டும்

மூச்சோடு சேர்த்து ஆசனங்களை இடைவிடாமல் தொடர்ந்து செய்யும் ஃப்ளோ யோகாவில், மகள் ஆசிரியர் பயிற்சிக்குச் சேரப் போகிறேன் என்றதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "சர்டிஃபிகேட் செல்லுமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் எந்த மையத்தில் சேர்ப்பது என்று முடிவெடுக்க அதன் பதில் பெரிதாக உதவாது.

பல மையங்களின் விளம்பரத்தில் "200 மணி நேரப் பயிற்சி, யோகா அலையன்ஸ் பதிவு பெற்றது" என்ற வரி இருக்கும். யோகா அலையன்ஸ் என்பது அமெரிக்காவில் 1999இல் தொடங்கப்பட்ட லாப நோக்கற்ற அமைப்பு. பயிற்சி மையங்களும் ஆசிரியர்களும் அதில் பதிவு செய்துகொள்கிறார்கள். அது அரசு தரும் உரிமமும் இல்லை, பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. வேலைக்கு எடுக்கும்போது அந்தப் பதிவைக் கேட்கும் ஸ்டூடியோக்கள் உண்டு, அதனால் இருந்தால் நல்லது. ஆனால் ஒரே பதிவு வைத்திருக்கும் இரண்டு மையங்களின் தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம்.

அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் மகளை அங்கே ஒரு சாதாரண வகுப்புக்கு அனுப்புவது. பயிற்சியை நடத்தப்போகும் தலைமை ஆசிரியரே எடுக்கும் வகுப்பாக அது இருக்க வேண்டும். போகிறவள் சதுரங்க தண்டாசனம் வரும் இடத்தைக் கவனிக்கட்டும்.

காரணம் இருக்கிறது. மைசூரில் 1930களில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சார்யா கற்றுக்கொடுத்ததும், அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் அஷ்டாங்க யோகமாகப் பரப்பியதும்தான் இன்றைய ஃப்ளோ வகுப்புகளுக்கு வேர். மூச்சோடு சேர்ந்து ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். இடையிடையே, நீட்டிய உடலை முழங்கை மடக்கித் தரைக்கு அருகே இறக்கும் இந்தச் சதுரங்க தண்டாசனம் திரும்பத் திரும்ப வரும். வேகமான வகுப்பில் இருபது தடவைக்கு மேலும் வரும். கையில் பலம் போதாதவருக்குத் தோள் முழங்கைக்குக் கீழே தொங்கிவிடும், இடுப்பு தாழ்ந்து முதுகு குழியும். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் அப்படியே செய்தால் தோளின் முன்பக்கமும் மணிக்கட்டும் வலிக்க ஆரம்பிக்கலாம். ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு முழங்காலைத் தரையில் ஊன்றச் சொல்கிறாரா, "இந்தச் சுற்றை விட்டுவிடுங்கள்" என்கிறாரா? இல்லை, பாட்டை ஓடவிட்டு முன்வரிசையோடு மட்டும் போய்க்கொண்டிருக்கிறாரா? பின்வரிசையில் தடுமாறுகிறவரைக் கவனிக்காதவரிடம் உங்கள் மகள் ஆசிரியர் தொழிலைக் கற்க முடியாது. தொட்டுத் திருத்துவதற்கு முன் அனுமதி கேட்கிறாரா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. பேட்சில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை தடவை முன்னால் நின்று வகுப்பு எடுப்பார்கள் என்று நேராகவே கேளுங்கள். முப்பது பேர் ஆளுக்கு இருபது நிமிடம் ஒரே ஒரு தடவை எடுத்தாலே பத்து மணி நேரம் போய்விடும். அதனால் பெரிய பேட்ச்களில் இதைத்தான் முதலில் சுருக்குவார்கள். ஆனால் தொழிலே இதில்தான் இருக்கிறது. மூச்சு தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே சொல் வந்து விழ வேண்டும். மாணவர்களைப் பார்த்து நின்றுகொண்டு, தன் வலது கையைத் தூக்கியபடி "இடது கை" என்று சொல்லிப் பழக வேண்டும். புத்தகம் படித்தோ வீடியோ பார்த்தோ இது வராது. "நிறையப் பயிற்சி தருவோம்" என்று மழுப்பினால் அடுத்த மையத்தைப் பாருங்கள்.

நான்கு வாரத்தில் முடியும் பயிற்சியா, மாதக்கணக்கில் வார இறுதிகளில் நடப்பதா என்றும் கேட்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் என்றால், நான்கு வாரத்தில் 200 மணி நேரம் முடிக்கத் தினம் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். ஏற்கெனவே ஒன்றிரண்டு வருடம் விடாமல் யோகா செய்தவருக்கு அது சரி. சமீபத்தில்தான் தொடங்கினாள் என்றால் வார இறுதி வகுப்புக்கே என் ஓட்டு. கற்றது உடம்பில் ஊற நேரம் கிடைக்கும், வலி வந்தால் ஓய்வெடுக்கவும் முடியும். உடற்கூறியலை யார் நடத்துகிறார்கள் என்றும் விசாரியுங்கள். பிசியோதெரபி படித்தவர் வந்தால் நல்லது.

சம்பாத்தியம் பற்றி ஒளிக்க எதுவும் இல்லை. பல ஸ்டூடியோக்கள் மாதச் சம்பளம் தருவதில்லை, எடுத்த வகுப்புக்குத்தான் பணம். முதல் வருடத்தில் அதை மட்டும் நம்பி வாழ்வது கஷ்டம், எனவே கையில் இருக்கும் படிப்பையோ வேலையையோ விட்டுவிட்டு வர வேண்டாம். அந்த மையத்தில் படித்து முடித்தவர்கள் இரண்டு பேரிடம், இப்போது வாரம் எத்தனை வகுப்பு எடுக்கிறீர்கள் என்று மகளே பேசிக் கேட்கட்டும். பேட்ச் தள்ளிப்போனால் பணம் திரும்ப வருமா என்பதை மட்டும் நீங்கள் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.